பாட்டுப் பட்டியலின் சொந்தக்காரர்



2009 ஜூன் 6ஆம் தேதி அமெரிக்காவில் பாம் ப்ரீ என்ற கைபேசி விற்பனைக்கு வந்தது. அதைக் கேபிள் போட்டுக் கணினியில் செருகினால், ஆப்பிள் நிறுவனத்தின் ஐடியூன்ஸ் என்ற பாட்டு மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டது. ஆப்பிளின் பாட்டுக் கருவியான ஐபாடைச் செருகினால் நடப்பதெல்லாம் அதிலும் நடந்தது. பாட்டுகள் ஏறின, பிளேலிஸ்டுகள் ஏறின, வீடியோக்கள் ஏறின. ஆப்பிளுக்கும் பாமுக்கும் இது பற்றி எந்த ஒப்பந்தமும் கிடையாது. ப்ரீ தன்னை ஐபாட் என்று சொல்லிக்கொண்டது. ஐடியூன்ஸ் அதை நம்பியது.

அடுத்த சில மாதங்கள் இரண்டு நிறுவனங்களும் மாறி மாறி அப்டேட் வெளியிட்டுச் சண்டை போட்டன. இன்று பாம் நிறுவனம் இல்லை. மேக் கணினிகளில் ஐடியூன்ஸையும் 2019இல் ஆப்பிளே தனித்தனிச் செயலிகளாகப் பிரித்துவிட்டது. ஆனால் அந்தச் சண்டையில் எழுந்த கேள்வி தீரவில்லை. கைக்கடிகாரத்திலும் ஹெட்போனிலும் குறுஞ்செய்திச் செயலியிலும் அதே கேள்வி இன்று நீதிமன்றப் படியேறி நிற்கிறது. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான மென்பொருளோடு போட்டி நிறுவனத்தின் கருவி இணையலாமா, கூடாதா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைய விட வேண்டும். ஆனால் அது போட்டி நிறுவனத்தின் உரிமை என்று நான் வாதாட வரவில்லை. பாட்டுகளைச் சேர்த்து, அடுக்கி, பெயர் எழுதி வைத்தவரின் உரிமை அது. 2009இல் ஆப்பிளும் பாமும் இந்த மூன்றாவது ஆளை மறந்துவிட்டுச் சண்டை போட்டன. செய்தி எழுதியவர்களில் பலரும் இரண்டு நிறுவனங்களின் மல்யுத்தமாகத்தான் அதைப் பார்த்தார்கள்.

அந்த மூன்றாவது ஆள் என்ன செய்து வைத்திருந்தார் என்று கொஞ்சம் பார்ப்போம். அலமாரியில் இருந்த சி.டி.க்களை ஒவ்வொன்றாகக் கணினியில் போட்டு எம்பி3 ஆக்கியிருப்பார். தமிழ்ப் படப் பாட்டு சி.டி. என்றால் வேலை இரட்டிப்பு. இணையத்திலிருந்து வந்து விழும் விவரங்களில் படத்தின் பெயர் ஒரு விதமாகவும், பாடகர் பெயர் இன்னொரு விதமாகவும் இருக்கும். இசையமைப்பாளர் பெயர் பாடகருக்கான கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து திருத்தியவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். பிறகு பிளேலிஸ்டுகள். பயணத்துக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, அம்மாவுக்குப் பிடித்தவை என்று ஒன்று. எந்தப் பாட்டுக்கு எத்தனை நட்சத்திரம், எதை எத்தனை முறை கேட்டோம் என்ற கணக்கும் அதோடு சேர்ந்து வளரும். பத்து ஆண்டு இப்படிச் சேர்த்தால் அது ஒரு மனிதரின் ரசனைக் குறிப்பேடு. ஐடியூன்ஸ் நிரலின் ஒவ்வொரு வரியும் ஆப்பிளுடையது, ஒப்புக்கொள்கிறேன். இந்தக் குறிப்பேட்டின் ஒரு வரியையும் ஆப்பிள் எழுதவில்லை. பீரோ செய்து கொடுத்த ஆசாரி, உள்ளே இருக்கும் புடவையை எந்த வண்டியில் ஏற்றலாம் என்று உத்தரவு போட முடியுமா?

இங்கே ஒரு முக்கியமான விஷயம். ஐடியூன்ஸ் கடையில் 2003இலிருந்து விற்ற பாட்டுகளில் ஃபேர்பிளே என்ற பூட்டு இருந்தது. ஆப்பிளின் மென்பொருளிலும் ஐபாடிலும்தான் அவை பாடும். அந்தப் பூட்டைப் பாட்டு நிறுவனங்கள்தான் வற்புறுத்தின என்று ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் ஒரு திறந்த கடிதம் எழுதினார். பூட்டு இல்லாமல் விற்கத் தயார் என்றும் அதில் சொன்னார். 2009 ஜனவரியில் ஆப்பிள் கடை முழுவதையும் பூட்டில்லாத பாட்டுகளுக்கு மாற்றுவதாக அறிவித்தது. ஆகவே ப்ரீ வந்தபோது திருட்டைத் தடுக்கிறோம் என்ற வாதத்துக்கே இடமில்லை. பூட்டிய பழைய பாட்டுகளை ப்ரீயில் ஏற்றவும் முடியாது. பூட்டில்லாதவை மட்டுமே ஏறின. காசு கொடுத்து வாங்கிய, எந்தக் கருவியிலும் பாடக்கூடிய பாட்டுகள் அவை. தடுக்கப்பட்டது அவற்றை எடுத்துச் செல்லும் வழி.

ப்ரீ எப்படி உள்ளே நுழைந்தது? யூஎஸ்பி முனையில் செருகப்படும் ஒவ்வொரு கருவியும் கணினியிடம் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த நிறுவனத்தின் எண், மற்றது பொருளின் எண். நிறுவன எண்களை வழங்குவது யூஎஸ்பி இம்ப்ளிமென்டர்ஸ் ஃபோரம் என்ற தொழில் அமைப்பு. ப்ரீயின் முதல் பதிப்பு வெளி அடுக்கில் தன்னைப் பாம் என்றே சொன்னது. உள்ளே, கோப்புகளைச் சேமிக்கும் பகுதி மட்டும் ஐபாட் என்று சொன்னது. ஐடியூன்ஸ் அந்த உள் அடுக்கைத்தான் பார்த்தது. பாமின் தலைமையில் அப்போது இருந்தவர் ஜான் ரூபின்ஸ்டீன். முன்பு ஆப்பிளில் ஐபாட் பிரிவையே நடத்தியவர். ஐபாட் எப்படிப் பேசும் என்பது தெரியாத ஆள் அல்ல.

ஜூன் மாதமே ஆப்பிள் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பிற நிறுவனக் கருவிகள் ஐடியூன்ஸோடு இணைவதற்கு நாங்கள் உத்தரவாதம் தர மாட்டோம், இனி வரும் பதிப்புகளில் அது நின்றுபோகலாம் என்றது. ஜூலை 15 அன்று ஐடியூன்ஸ் 8.2.1 வந்தது. ப்ரீ வெளியே தள்ளப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் பாம் தன் கைபேசி இயங்குதளமான வெப்ஓஎஸ் 1.1ஐ வெளியிட்டது. இந்த முறை வெளி அடுக்கிலேயே ஆப்பிளின் நிறுவன எண்ணைப் போட்டுக்கொண்டது ப்ரீ. செப்டம்பரில் ஐடியூன்ஸ் 9 மறுபடி தடுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் வெப்ஓஎஸ் 1.2.1 மறுபடி திறந்தது. அக்டோபர் கடைசியில் ஐடியூன்ஸ் 9.0.2 மறுபடி அடைத்தது. அதோடு பாம் ஓய்ந்தது.

இந்த ஆட்டத்தில் மாட்டிக்கொண்டவர்களை நினைத்துப் பாருங்கள். திரையில் அப்டேட் என்று வந்தது, அழுத்தினார்கள். நேற்று வரை ஏறிய பாட்டு இன்று ஏறவில்லை. பாதுகாப்புக் குறைகளைச் சரிசெய்ய வரும் அப்டேட்டையே போட வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் நிலை. ஒரு மென்பொருள் நிறுவனம் தன் பயனாளர்களுக்குச் செய்யக்கூடிய பெரிய தீமைகளில் இதுவும் ஒன்று. அப்டேட் என்றாலே அச்சப்பட வைப்பது.

பாம் ஒரு புகாரையும் கொண்டுபோனது. ஆப்பிள் நிறுவன எண்ணை வைத்துப் போட்டியாளர்களை வடிகட்டுகிறது, இது யூஎஸ்பி விதிகளுக்கு விரோதம் என்று அந்தத் தொழில் அமைப்புக்கு எழுதியது. செப்டம்பரில் பதில் வந்தது. ஆப்பிள் செய்வது விதிமீறல் இல்லை. மாறாக, இன்னொருவரின் எண்ணைப் போட்டுக்கொண்ட நீங்கள்தான் விளக்கம் தர வேண்டும் என்று பாமையே அது கேட்டது.

அந்தப் பதிலில் பாதி எனக்கு உடன்பாடு. பாம் செய்தது ஆள்மாறாட்டம். செருகப்பட்டிருப்பது யார் செய்த கருவி என்று கணினிக்கு உண்மை தெரிய வேண்டும். ஒவ்வொருவரும் அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொண்டால் அந்த எண் எதற்கும் பயன்படாது. கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்பதும் தெரியாது. எனக்குப் பாம் மேல் பரிவு உண்டு, ஆனாலும் இதை நியாயப்படுத்த மாட்டேன்.

மறுபாதியில்தான் என் சண்டை. யார் நீ என்று தெரிந்துகொள்வதற்காக வைத்த எண்ணை, நீ எங்கள் ஆள் இல்லை, வெளியே போ என்று சொல்வதற்குப் பயன்படுத்தலாமா? ப்ரீ ஐபாடின் மொழியைச் சரியாகவே பேசியது. பாட்டைக் கெடுக்கவில்லை. கணினியைக் கெடுக்கவில்லை. தடுப்பதற்கு இருந்த ஒரே காரணம் அதைச் செய்தவர் ஆப்பிள் இல்லை என்பதுதான். பெயர்தான் நுழைவுச்சீட்டு என்று ஒருவர் விதி செய்தால், பொய்ப் பெயர் சொல்லும்படி மற்றவர்களைத் தள்ளியதில் அவருக்கும் பங்கு உண்டு.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1992இலேயே இதற்கு மிக அருகில் வந்திருக்கிறது. சேகா நிறுவனத்தின் வீடியோ கேம் கருவியில், செருகும் கேட்ரிட்ஜில் குறிப்பிட்ட இடத்தில் சேகா என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருந்தால்தான் விளையாட்டு ஓடும். எழுத்துகள் இருந்தால், இது சேகா தயாரித்தது அல்லது சேகாவின் உரிமம் பெற்றது என்ற வாசகமும் திரையில் வரும். அக்கொலேட் என்ற போட்டி நிறுவனம் தன் விளையாட்டுகள் ஓட வேண்டும் என்பதற்காக அந்த எழுத்துகளைச் சேர்த்தது. எங்கள் பெயரைத் திருடிவிட்டார்கள் என்று சேகா வழக்குப் போட்டது. ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கொலேட் பக்கம் நின்றது. உள்ளே நுழைய வேறு வழி வைக்காமல் பெயரையே சாவியாக்கியவர் சேகா, ஆகவே திரையில் வரும் குழப்பத்துக்கும் பொறுப்பு சேகாதான் என்பது தீர்ப்பின் சாரம். இணைந்து இயங்குவதற்காக மற்றவரின் நிரலைப் பிரித்துப் படிப்பதும் நியாயமான பயன்பாடு என்றது அதே தீர்ப்பு. இன்றுவரை அமெரிக்காவில் இந்தத் துறை வழக்குகளின் அடித்தளக் கற்களில் அது ஒன்று.

ஆப்பிள் பக்க வாதத்தையும் முழுதாகச் சொல்வது கடமை. ஐடியூன்ஸ் இலவசம். அதைச் செய்ய, சரிபார்க்க, வாடிக்கையாளர் கேள்விக்குப் பதில் சொல்ல ஆகும் செலவை ஐபாட் விற்ற காசு தாங்கியது. அந்த உழைப்பின் மேல் பாம் காசு கொடுக்காமல் ஏறி உட்கார்ந்தது. ப்ரீயில் பாட்டு ஏறாவிட்டால் ஜனங்கள் ஆப்பிளுக்குத்தான் போன் செய்வார்கள். எல்லாம் சரி. இதைவிடக் கனமான வாதமும் ஒன்று உண்டு. உள்ளே வர ஒரு நேர்வழியை ஆப்பிளே வைத்திருந்தது. ஐடியூன்ஸ் தன் பட்டியல் முழுவதையும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்றாகக் கணினியில் எழுதி வைக்கும். எந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பிளேலிஸ்டில் எவை, எத்தனை நட்சத்திரம், எல்லாம் அதில் இருக்கும். வேறு செயலிகள் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காகவே வைத்த கோப்பு அது. பிளாக்பெர்ரி அந்த வழியில்தான் போனது. தனக்கென்று ஒரு சிறு மென்பொருள் எழுதி, ஐடியூன்ஸ் பட்டியலைப் படித்து, பாட்டுகளைத் தன் கைபேசிக்கு ஏற்றியது. யார் பெயரையும் திருடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. பாமும் அப்படிச் செய்திருக்கலாம். செய்திருக்க வேண்டும்.

இதைக் கேட்டதும், பிறகென்ன, ஆப்பிள் செய்தது சரிதானே என்று தோன்றும். எனக்கோ அந்தக் கோப்புதான் என் வாதத்தின் உயிர்நாடி. நான் கேட்பது அதைத்தான், அதைவிடச் சற்று அதிகமாக. ஆப்பிள் அதைத் தன் விருப்பத்தால் வைத்தது. விருப்பத்தால் வைத்ததை விருப்பத்தால் எடுக்கலாம். பின்னால் வந்த ஐடியூன்ஸ் பதிப்புகளில் அந்தக் கோப்பைப் பிற செயலிகளுக்குத் தருவது நாமே தேடிப் போய்த் தேர்ந்தெடுக்க வேண்டிய ஓர் அமைப்பாகச் சுருங்கியது. 2019இல் வந்த மியூசிக் செயலியில், வேண்டும்போது கையால் ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டியதாயிற்று. யாரும் வழக்குப் போடவில்லை, போராடவில்லை. பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. ஒரு நேர்வழி சத்தமில்லாமல் இப்படித்தான் ஒற்றையடிப் பாதையாகிறது.

ஆப்பிளின் விருப்பம் காலத்துக்கேற்ப எப்படி மாறியது என்பதற்கு அதன் வரலாறே சாட்சி. ஐடியூன்ஸ் 2001 ஜனவரியில் வெளிவந்தபோது ஐபாட் கிடையாது. அது அக்டோபரில்தான் வந்தது. அந்த நாட்களில் ரியோ, நோமாட் போன்ற பிறர் செய்த எம்பி3 கருவிகளுக்கு ஐடியூன்ஸ் தானே பாட்டு ஏற்றிக் கொடுத்தது, அதைப் பெருமையாகச் சொல்லியும் கொண்டது. விற்கத் தன் கருவி ஒன்று வந்த பிறகுதான் வாசல் குறுகத் தொடங்கியது. 2004 ஜூலையில் ரியல்நெட்வொர்க்ஸ் நிறுவனம் ஹார்மனி என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. தன் கடையில் வாங்கிய பாட்டுகளையும் ஐபாட் ஏற்கும்படி செய்தது அது. கணினி ஊடுருவிகளின் உத்தி என்று ஆப்பிள் கொதித்தது, பிறகு அப்டேட்டில் அடைத்தது. 2005இல் மோட்டரோலாவின் ரோக்கர் கைபேசிக்கு ஆப்பிள் அனுமதி கொடுத்தது, நூறு பாட்டுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்போடு. கருவியில் இடம் மிச்சம் இருந்தாலும் நூறுதான்.

இதன் தொடர்ச்சியான ஒரு வழக்கு 2014 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் ஜூரி முன் வந்தது. ஐடியூன்ஸ் 7.0 போட்டியாளர்களை வெளியே நிறுத்துவதற்காகவே செய்யப்பட்டது என்றனர் ஐபாட் வாங்கியவர்கள். அது உண்மையான தொழில்நுட்ப மேம்பாடு என்று ஜூரி சொல்லிவிட்டது. ஆப்பிள் வென்றது. தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் போட்டிச் சட்டத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதையும் அது காட்டுகிறது. நல்ல மேம்பாடா, கெட்ட நோக்கமா என்று மட்டும் கேட்டால், பாட்டின் சொந்தக்காரர் அந்தக் கேள்விக்குள் வரவே மாட்டார். அவருக்கான சட்டம் வேறு.

ஜூலை 2009இல் இன்னொன்றும் நடந்தது. ப்ரீ பற்றிய ஆரவாரத்தில் அது அமுங்கிப் போயிற்று. ஐபாடுக்குள் பாட்டுப் பட்டியல் ஐடியூன்ஸ்டிபி என்ற கோப்பில் இருக்கும். 2007இல் வந்த ஐபாடுகளில் ஆப்பிள் அதற்கு ஒரு மறைகுறிச் சோதனையைச் சேர்த்தது. லினக்ஸ் கணினி வைத்திருந்தவர்களின் செயலிகள் நின்றன. அந்தக் கணினிகளுக்கு ஆப்பிள் ஐடியூன்ஸ் தரவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அதாவது ஆப்பிளிடம் காசு கொடுத்து ஐபாட் வாங்கியவரே, தன் கணினியிலிருந்து அதில் பாட்டு ஏற்ற முடியாது. சிலர் ஒரு பொது விக்கி பக்கத்தில் அந்தச் சோதனை எப்படி வேலை செய்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பக்கங்களை நீக்கச் சொல்லி 2008 நவம்பரில் ஆப்பிளின் வழக்கறிஞர்கள் கடிதம் அனுப்பினார்கள். எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற உரிமை அமைப்பு விக்கியை நடத்தியவர்களுக்காக வழக்குத் தொடுத்த பிறகு, 2009 ஜூலையில் ஆப்பிள் தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றது. இணைப்பைத் தடுப்பது ஒன்று. இணைவது எப்படி என்று பேசுவதையே தடுக்கப் பார்ப்பது அதைவிட மோசம். இங்கே பாம் போன்ற பெரிய நிறுவனம் எதுவும் இல்லை. ஐபாட் வைத்திருந்த சாதாரண மனிதர்கள்தான் எதிர்த்தரப்பு.

சட்டத்தால் இதையெல்லாம் என்ன செய்ய முடியும் என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் தான் தராத எந்தக் கருவியையும் தன் தொலைபேசி வலையில் மாட்டக் கூடாது என்று விதி வைத்திருந்தது. டெக்சாஸைச் சேர்ந்த தாமஸ் கார்ட்டர், வயர்லெஸ் ரேடியோவில் பேசுபவரைத் தொலைபேசியோடு இணைக்கும் கார்ட்டர்ஃபோன் என்ற கருவியைச் செய்தார். தொலைபேசியின் கைப்பிடியை அதன் மேல் வைத்தால் போதும். வலையின் தரம் கெட்டுவிடும், பாதுகாப்பு போய்விடும் என்று ஏடி அண்ட் டி எதிர்த்தது. 1968இல் அரசின் தகவல்தொடர்பு ஆணையம் கார்ட்டருக்கு ஆதரவாக முடிவு சொன்னது. வலைக்குத் தீங்கு செய்யாத எந்தக் கருவியையும் இணைக்கலாம் என்றாயிற்று. பின்னாளில் பிறர் செய்த பதில்சொல்லும் கருவி, ஃபேக்ஸ், மோடம் எல்லாம் அந்த வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தன. ஐடியூன்ஸே அந்த மோடம் வழி வந்த இணையத்தில் வளர்ந்த பிள்ளை. தீங்கு இருக்கிறதா என்று கேள், யார் செய்தது என்று கேட்காதே. அந்த ஆணையம் வைத்த இந்த அளவுகோலைவிடச் சிறந்ததை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இப்போது அந்தப் பக்கம் நடக்கிறது. அதன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கடமைகள் 2024 மார்ச்சில் பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கின. 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்குத் துல்லியமான கட்டளைகள் கொடுத்தது. பிறர் செய்த கைக்கடிகாரம் ஐபோனின் அறிவிப்புகளைக் காட்ட வேண்டும், பிறர் செய்த ஹெட்போன் எளிதில் இணைய வேண்டும் என்றெல்லாம். பயனாளரின் அந்தரங்கம் ஆபத்தாகும், தன் கண்டுபிடிப்புகளைப் போட்டியாளருக்கு இலவசமாகக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்று ஆப்பிள் வழக்குப் போட்டிருக்கிறது.

அந்தரங்கம் பற்றிய அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஒரு கைபேசியின் அறிவிப்புகளில் ஒருவரின் வங்கிச் செய்தி இருக்கும், மருத்துவர் அனுப்பிய தகவல் இருக்கும். பாட்டுப் பட்டியலும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து, எதை எந்தக் கருவிக்குத் தரலாம் என்று பயனாளரிடம் தெளிவாகக் கேட்பது, வருகிற கருவி எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்புச் சோதனை வைப்பது. தன் கடிகாரத்துக்குக் கேட்காமலே திறந்து, பிறர் கடிகாரத்துக்கு மட்டும் அந்தரங்கம் பேசினால் அது பாதுகாப்பு அல்ல.

இந்தியாவிலும் பெரிய டிஜிட்டல் நிறுவனங்களுக்கு முன்கூட்டியே விதி வகுக்கும் ஒரு வரைவு மசோதாவை 2024 மார்ச்சில் மத்திய அரசு பொதுமக்கள் கருத்துக்கு வைத்தது. அப்படி ஒரு சட்டம் எப்போது வந்தாலும் அதில் நான் பார்க்க விரும்பும் வரிகள் சிலவே. ஒருவர் சேர்த்த பட்டியல், குறிப்பு, கணக்கு எல்லாம் திறந்த வடிவக் கோப்பாக, தானாகப் புதுப்பித்துக்கொண்டு, அவர் கணினியிலோ கைபேசியிலோ எப்போதும் இருக்க வேண்டும். தன் சொந்தக் கருவிக்கு ஒரு நிறுவனம் திறக்கும் வழியின் விவரத்தை வெளியிட வேண்டும். தீங்கு நிரூபிக்கப்படாதவரை, தயாரித்தவர் பெயரைப் பார்த்து எந்தக் கருவியையும் தடுக்கக் கூடாது. பிறர் கருவிக்கு உதவி செய்யவோ, அது சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கவோ எந்த நிறுவனத்தையும் கட்டாயப்படுத்த வேண்டாம். அது பாம் போன்றவர்களின் வேலை, அந்தச் செலவை அவர்களே ஏற்கட்டும். அவர்களும் தங்கள் சொந்தப் பெயரிலேயே வரட்டும்.

பாமை 2010இல் எச்பி 120 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே கைபேசித் தயாரிப்பை நிறுத்தியது. வெப்ஓஎஸ் பிறகு எல்ஜி நிறுவனத்துக்குப் போய், இன்று அதன் டிவிகளில் ஓடுகிறது. ஐபாடும் 2022இல் நிறுத்தப்பட்டது. சண்டை போட்ட இரண்டு கருவிகளும் சந்தையில் இல்லை. 2009இல் ப்ரீயில் பாட்டு ஏற்ற முடியாமல் போனவரின் பட்டியல் மட்டும் அவரிடம் இருந்தால், அவர் இன்று எந்தக் கைபேசி வாங்கினாலும் அதில் ஏற்றிக்கொள்ளலாம்.